திருச்செங்கோட்டில் என் நொடிக்கலப்பி

இதை எழுத வேண்டிய கட்டாயத்தை ஒரு நிழற்படம் உண்டாக்கியது. திருச்செங்கோட்டை அடுத்த பொறியியற் கல்லூரியொன்றின் ஆண்டு மலர் அண்மையில் பினாங்கிலுள்ள என் இல்லத்துக்கு அஞ்சலில் வந்தது. அதன் நடுப்பக்கத்தில் நான் நிற்கிறேன். மாலை சூட்டப்பட்ட கருவியொன்றின் பொத்தானை என் விரல் அழுத்துகிறது. "மலேசியப் பேராசிரியர் கருவியை இயக்கிவைத்து, அதன் செயற்பாடு கண்டு பெருமகிழ்வுற்றார்" என்று அடியில் அச்சிட்டிருக்கிறார்கள். கருவி இயங்கவில்லை. நான் மகிழவும் இல்லை. அப்படத்தில் மெய்யானது என் விரல் ஒன்றே. அதுவும் என் விருப்பத்தால் அங்கே சென்றதன்று. மறுப்பு மடல் எழுதினேன், மறுமொழி இல்லை. அம்மலரை நாளை புரட்டுவோர் அச்சில் உள்ளதையே வரலாறாகக் கொள்வர். ஆதலின் நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிக் கூறவேண்டும். நான் இயற்பியலன். புரதங்கள் மடியும் வகையை ஆய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. உயிருடலில் ஒவ்வொரு புரதமும் நீண்ட சங்கிலியாகத் தோன்றி, தானே மடிந்து, தனக்குரிய வடிவத்தை அடைகிறது. அடையாவிடில் அதனால் பயனில்லை. சில வேளைகளில் நோயும் விளையும். எண்ணிலடங்கா வடிவங்களுள் உரியதொன்றை அச்சங்கிலி எவ்வழியே, கண் இமைக்கும் பொழுதில், சென்றடைகிறது? இதுவே நான் கேட்ட கேள்வி. கோழிமுட்டை வெண்கருவிலுள்ள ஒரு புரதத்தைத் தேர்ந்தேன். அதைக் கடுங்கரைசலில் இட்டு மடிப்பை அவிழ்ப்பேன். பிறகு நொடியின் மிகச் சிறு பங்கில் நீரோடு கலப்பேன். அது மீண்டும் மடியும்போது வெளிவிடும் மெல்லொளியை அளப்பேன். இவ்வளவையும் செய்யும் கருவிக்கு நொடிக்கலப்பி என்று பெயரிட்டேன். அதன் பாதி உறுப்புகள் என் கையால் செய்தவை. சங்கிலிகளுள் பெரும்பகுதி முதலில் தவறாக மடிந்து, அதை அவிழ்த்துக்கொண்டு, மறுபடி சரியாக மடிகின்றன என்பதை அக்கருவி எனக்குக் காட்டியது. ஏன் அத்தனை சங்கிலிகள் தவறுகின்றன என்பதைக் காட்டுமுன் என் ஓய்வுக்காலம் வந்துவிட்டது.

அதே காலத்தில், சங்கிலியைக் கொடுத்தால் இறுதி வடிவத்தை உரைக்கக் கணினிகள் கற்றுக்கொண்டன. நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். எங்கள் துறைத்தலைவரோ, கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதே, இனி இந்த அறை எதற்கு என்றார். ஒருவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதும் எவ்வழியே சென்றான் என்பதும் ஒன்றல்ல என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அறையை வேறொருவருக்கு ஒதுக்கினார். கருவியைப் பழைய இரும்போடு சேர்க்க ஆணை வந்தது.

அதற்குச் சற்று முன்னர்தான் இணையவழிக் கருத்தரங்கொன்றில் பூங்கொடி என்னும் விரிவுரையாளர், திருச்செங்கோட்டுக் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர், என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "தப்பா மடிஞ்ச சங்கிலி, திரும்பறதுக்கு முந்தி எங்கீங்க ஐயா நிக்குது?" பெரிய பல்கலைக்கழகங்களில் எவரும் என்னைக் கேளாத கேள்வி அது. ஏற்கெனவே பதிவு செய்திருந்த தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு அதையே பொருளாக்கிக்கொண்டார். கருவியைக் கப்பலில் அவருக்கு அனுப்பினேன். ஓராண்டுக்குப்பின் கல்லூரியிலிருந்து கருவியின் தொடக்க விழாவுக்கு அழைப்பு வந்தது. பூங்கொடியின் பதிவுக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குள் அளவீடுகள் கிடைத்தாக வேண்டும். முதல் அளவீட்டை அவரோடு இருந்து எடுத்துவிட்டு வருவதே என் எண்ணம்.

முதல் நாள் சேலத்தில் இறங்கினேன். என் பெயர் எழுதிய பலகையோடு கல்லூரி ஓட்டுநர் முருகேசன் நின்றார். நடுத்தர அகவையினர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலங்களெல்லாம் சுற்றியவர். முதுகுவலி வந்தபின் கல்லூரிக்கு வந்தவராம். என்னை 'ஐயா' என்றார், சில வேளை 'சாமி' என்றார். அவ்வூரில் முதியவருக்கும் குழந்தைக்கும் அச்சொல் பொது என்பதைப் பின்னர் அறிந்தேன். அறியுமுன் சற்றுக் கூச்சமாக இருந்தது.

வழியில் தட்டுவடை செட் வாங்கித் தந்தார். இரண்டு மெல்லிய தட்டுவடைகளுக்கிடையே துருவிய பீட்ரூட்டும் காரட்டும் சட்னியும் வைத்து, ஒரே வாயில் போடச் சொல்கிறார்கள். பினாங்கின் பசம்போர் என்னும் காய்கறிக் கலவை தட்டு நிறையச் சாற்றில் மிதக்கும். உண்பவர் அரட்டை அடித்துக்கொண்டே உண்ணலாம். இதை உண்ணும்போது பேசினால் சட்டை கெடும். என் சட்டை கெட்டது.

ஆட்டையாம்பட்டியை நெருங்கும்போது மகிழுந்தின் முன்பகுதியிலிருந்து ஆவி எழுந்தது. முறுக்குக் கடையொன்றின் நிழலில் நிறுத்தினோம். முருகேசன் எனக்குச் சூடான முறுக்கை வாங்கித் தந்துவிட்டு, வண்டிக்கு நீர் ஊற்றியவாறே அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காரைத்தானுங்க கவனிக்காம உட்டுட்டேன். உங்க மிசின அப்புடி உடலீங்க சாமி. ஆயுத பூசைக்கு நானே நின்னு வாட்டர் சர்வீஸ் பண்ணினேன்."

எதைக் கொண்டு என்று கேட்டேன்.

"ரிக்கு கழுவற பம்புலதானுங்க. கப்பல்ல வந்ததா, பூராம் தூசி. கழுவாம பொட்டு வெக்க முடியுங்களா? கரண்டு மிசினாச்சேன்னு எனக்கும் ஒரு ரோசனைதான். தெறந்து பாத்தா உள்ள கொழாயி, பம்பு எல்லாம் இருக்குதுங்க. தண்ணி ஓடற மிசினுக்குத் தண்ணி என்னுங்க பண்ணிப்போடும்?"

திருச்செங்கோட்டில் ரிக் வண்டியைக் கழுவாமல் ஆயுத பூசை இல்லை. பாறையைத் துளைக்கும் இயந்திரம் எவ்வளவு நீரையும் தாங்கும். அதே அன்போடுதான் அவர் என் கருவியையும் கழுவியிருக்கிறார். மூடிகளையெல்லாம் கழற்றி வெயிலில் காயவைத்ததையும், சக்கரம் இல்லாமையால் எலுமிச்சங்கனியை நான்கு மூலையிலும் வைத்ததையும், பூசணிக்காய் உடைத்ததையும் விரிவாகச் சொன்னார். "உள்ளுக்குள்ள ஒரு கண்ணாடி இருந்துதுங்க, சாமி கண்ணாட்டம். மொதப் பொட்டு அதுக்குத்தான்."

அது படிகக்கல் சாளரம். மெல்லொளி அதன் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அதைத் துடைக்கும்போது என் மூச்சு படாதபடி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிறகு மின்னிணைப்புக் கொடுத்தீர்களா என்றேன். கொடுத்தோம், 'டப்'பென்று ஒரு சத்தம் வந்தது, ஆனால் ஒன்றுமில்லை என்று பூங்கொடி மேடம் பிறகு வந்து பார்த்துச் சொல்லிவிட்டார் என்றார். எஞ்சிய முறுக்கு கையிலேயே ஆறிப்போனது.

இரண்டாம் நாட்காலையில் கருவி இருந்த அறையை முருகேசனே திறந்துவிட்டார். திறக்குமுன் காலணியைக் கழற்றினார். நானும் கழற்ற நேர்ந்தது. கண்ணாடிப் பேழைக்குள் நொடிக்கலப்பி நின்றது. முகப்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முருகேசன் வெளியே சென்றபின் மூடியைத் திறந்தேன். திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஒளியை உணரும் குழாய், திறந்த வெயிலில் ஒரு நாழிகை கிடந்தாலே பாழாகும். அது நாட்கணக்கில் கிடந்திருக்கிறது. படிகச் சாளரத்தின் நடுவே குங்குமம், மிகுந்த கவனத்தோடு வட்டமாக வைக்கப்பட்டிருந்தது. முகப்பில் ஒரு பச்சை விளக்கைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். என் கருவியில் அவ்வாறான விளக்கு இருந்ததே இல்லை.

பூங்கொடி எங்கே என்று அலுவலகத்தில் கேட்டேன். அட்மிசன் டூட்டி, பரமத்தி வேலூர் என்றார்கள். கோடையில் அக்கல்லூரியின் ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீடுகளில் கல்லூரிக்கு ஆள் சேர்க்கவேண்டுமாம். அவரவர்க்கு இத்தனை பேர் என்று கணக்குண்டு. நிறைவேறும்வரை ஆய்வுக்கூடத்துக்குள் போக நேரம் கிடையாது.

பேருந்தில் சென்றேன். நாமக்கல் வழியெங்கும் கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள். என் பணிக்காலம் முழுவதும் வெண்கருப் புரதத்தை மேனாட்டுக் குப்பிகளில் விலைகொடுத்து வாங்கியவன் நான். அது பிறக்கும் நாட்டின் நடுவே, நிற்க இடமின்றி ஒரு கம்பியைப் பற்றிக்கொண்டு போனேன். ஒலிபெருக்கியின் இரைச்சலில் நான் கேட்ட நிறுத்தத்தின் பெயர் நடத்துநர் காதில் விழவில்லை. காவிரிப் பாலத்தருகே இறக்கிவிட்டு, "நடந்து போயிருங்க தாத்தா, பக்கந்தான்" என்றார். பக்கமில்லை.

வெற்றிலைக் கொடிக்காலை அடுத்த ஒரு கூரைக்கொட்டகையில் பூங்கொடியைக் கண்டேன். கையில் கல்லூரி விளம்பரத் தாள்கள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். எதிரே வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்த அம்மையார் எழவிடவில்லை. அவர் மகள் அவ்வாண்டு பள்ளி முடித்தவள். பேருந்து வீட்டு வாசலுக்கே வரும், விடுதி உண்டு என்று பூங்கொடி சொல்லி முடிக்கும்வரை அம்மையார் பொறுத்திருந்தார்.

"அதிருக்கட்டும் அம்மிணி. நீ என்ன படிச்சிருக்கறே?"

"எம்.எஸ்சி. பிசிக்ஸுங்க அக்கா. இப்ப பிஎச்.டி. பண்ணிட்டிருக்கறேன்."

"அவ்வளவு படிச்சுப்போட்டு நீயே வெயில்ல ஊடு ஊடாப் போயிட்டிருக்கறே. என்ற புள்ளையும் படிச்சுப்போட்டு இதத்தான் செய்யோணுமா?"

அவர் இகழ்ச்சியாகக் கேட்கவில்லை. மகளின் எதிர்காலத்தை எண்ணிக் கேட்டார். உடனே எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவந்தார். பூங்கொடி சிரித்தவாறே குடித்தார்.

நண்பகலில் சாலையோரக் கடையில் கரண்டி ஆம்லெட் உண்டோம். குழிந்த கரண்டியில் முட்டையை ஊற்றி அடுப்பில் நேரே காட்டுகிறார்கள். அது பந்துபோல் எழும்புகிறது. வெந்த முட்டையின் புரதம் கட்டுண்டு கிடக்கிறது, அது இனித் திரும்பாது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவன் நான். அன்று சொல்லவில்லை. கருவியின் நிலையை எனக்கு ஏன் எழுதவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"எழுதியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க ஐயா."

ஆயுத பூசையன்று தம்மைத் தேர்வுப் பணிக்கு வெளியூர் அனுப்பியிருந்ததாகச் சொன்னார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரவுபகலாகக் கழற்றிப் பார்த்திருக்கிறார். "கொழாயும் கண்ணாடியும் மின்பலகையும் மாத்தீட்டாப் போதுங்க, ஓடும். நான் கேட்டா சேர்மன் காதுல உழுகாது. நீங்க சொன்னாக் கேப்பாருன்னுதானுங்க விழாவுக்குக் கூப்படச் சொன்னதே நான்." குரலைத் தாழ்த்தி, "முருகேசண்ணங்கிட்ட மட்டும் சொல்லீராதீங்க. தெரிஞ்சா அவருக்குச் சோறு எறங்காது" என்றார்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். வெண்ணிறப் பொடி. விடுதிச் சமையற்கூடத்தில் விரிசல் கண்ட முட்டைகளை வாங்கி, வெண்கருவைப் பிரித்து, உப்பிட்டு, காரக் கரைசல் சேர்த்து, குளிர்பெட்டியில் பல நாள் வைத்துத் தாமே படிகமாக்கிய புரதம். குப்பியை வெயிலில் பிடித்தேன். ஊசி ஊசியாக மின்னியது. நான் வாங்கிய மேனாட்டுக் குப்பிகளுக்கு அது சற்றும் குறைந்ததன்று. அளக்கவேண்டியது ஆயத்தமாக இருந்தது. அளக்கும் கருவி பேழைக்குள் பொட்டோடு நின்றது.

மூன்றாம் நாட்காலையில், பூங்கொடி சேர்மன் என்று சொன்ன கல்லூரித் தாளாளரைக் கண்டேன். பல ரிக் வண்டிகளுக்கு உரிமையாளர். எழுந்து நின்று வரவேற்றார். இளநீரைத் தம் கையாலேயே தந்தார். எவ்வளவு பணிவாகச் சொல்ல இயலுமோ அவ்வளவு பணிவாகக் கருவியின் நிலையைச் சொன்னேன்.

"சாமி கும்பிட்டதுல கெட்டுப்போச்சுங்கறீங்களா, புரொபசரய்யா?"

வழிபாட்டால் அன்று, நீரால் என்றேன்.

"அப்பக் கழுவுனவன நிறுத்திப்போடறேனுங்க. அவனுக்கு அறிவு வேண்டாமா?"

எவரையும் நிறுத்தவேண்டா, கருவியைச் சீர்செய்தால் போதும், உறுப்புகள் எங்கே கிடைக்கும் என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"நான் படிக்காதவனுங்க. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். ஒரு காட்டுல ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வரலீன்னா ராடு உருவீட்டு அடுத்த காட்டுக்குப் போயிருவோம். நீங்க தேடுனத கம்ப்யூட்டருக்காரங்க கண்டுபுடிச்சுட்டாங்கன்னு பேப்பர்லயே வந்துருச்சாமா. பொறவு இங்க எதுக்குங்க குழி?"

பினாங்கில் எங்கள் துறைத்தலைவர் ஆங்கிலத்தில் சொன்னதும் இதுவே. கடலைக் கடந்து வந்து அதே விடையை இளநீரோடு பெற்றேன். அவர்கள் கண்டது தண்ணீர் இருக்கும் இடத்தை. நான் தேடுவது தண்ணீர் வரும் வழியை என்றேன். அவர் அன்போடு தலையசைத்தார்.

"அடுத்தாப்புல இன்ஸ்பெக்சன் வருதுங்க. மிசின் இருக்குதான்னு பாப்பாங்க. ஓடுதான்னு ஆரும் கேக்க மாட்டாங்க. நீங்க கவலப்படாதீங்க."

விழா அரங்கு மாணவரால் நிறைந்திருந்தது. நொடிக்கலப்பியை மேடைக்கே கொண்டுவந்து மாலை சூட்டியிருந்தார்கள். என் முறை வந்தபோது ஒலிவாங்கிமுன் நின்று தெளிவாகச் சொன்னேன்: "இக்கருவி இப்போது இயங்கவில்லை. சீர்செய்தால் இயங்கும். அதை வைத்து ஆய்வு செய்யும் திறன் இக்கல்லூரியில் பூங்கொடி அவர்களிடம் உள்ளது. சீர்செய்யும்வரை இதை இயக்கிவைப்பதாக நடிக்க என்னால் இயலாது." ஓரத்தில் நின்ற ஆசிரியர் கையசைத்தார், மாணவர்கள் ஒருமித்துக் கைதட்டினார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்தவர், சிறந்ததொரு வாழ்த்துரைக்கு நன்றி என்றார். அரங்கின் கடைசி வரிசையில் பூங்கொடி இருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை.

நான் இருக்கைக்குத் திரும்புமுன் தாளாளர் என் கையைப் பற்றிக்கொண்டார். உழைத்த, வலிய கை. "சும்மாத் தொடுங்க சாமி, போட்டோவுக்கு" என்று காதருகே சொல்லி, என் விரலைத் தம் விரலோடு சேர்த்துப் பொத்தானில் அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. படமெடுத்தார்கள். மீண்டும் ஒலிவாங்கியை நோக்கித் திரும்பினேன். அப்போது வாயிலருகே முருகேசனைக் கண்டேன். புதுச் சட்டை அணிந்து, கைகூப்பி, பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. மேலும் பேசினால் ஏன் இயங்கவில்லை என்று அங்கேயே கேள்வி எழும். நான் பேசவில்லை.

வெளியே வந்தபோது, ஆள் சேர்க்கச் செல்லும் வண்டி ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. பூங்கொடி விரைந்து வந்து அக்குப்பியை என் கையில் வைத்தார்.

"அங்க எங்கயாச்சும் ஓட்டிப் பாக்க முடியுங்களா ஐயா?"

முயல்கிறேன் என்றேன். வண்டியில் ஏறிக்கொண்டார். அமர்ந்ததும் அருகிலிருந்தவரிடமிருந்து விளம்பரத் தாள்களை வாங்கி எண்ணத் தொடங்கினார்.

பினாங்கு திரும்பியதும் முயன்றேன். என் பழைய அறையில் இப்போது கணினிகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் நாட்டில் வேறிடத்தில் உள்ள ஒத்த கருவியைக் கேட்டு எழுதினேன்; அங்கும் அது அகற்றப்பட்டுவிட்டதாம். குப்பி என் வீட்டுக் குளிர்பெட்டியில் பெலாச்சான் என்னும் இறால் விழுதுப் பொதிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே இருக்கிறது. பூங்கொடியின் ஆய்வுப் பதிவு கடந்த திங்களோடு காலாவதியாயிற்று. அதை ஒரே வரியில் எழுதியிருந்தார். அடுத்த வரியில், முருகேசன் கல்லூரியை விட்டு மீண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டார், கருவி ஓடுவதாக நம்பிக்கொண்டே போனார் என்று எழுதியிருந்தார். முருகேசன் இன்னும் அங்கே பணியில் இருந்தால் இக்கட்டுரையை வெளியிட்டிருக்க மாட்டேன். இங்கே அவருக்கு நான் வேறு பெயர் இட்டிருக்கிறேன்.

கொங்குப் பேச்சை அயலவன் செவியால் கேட்டு எழுதியிருக்கிறேன். உணவையும் ஊர்களையும் மூன்று நாளில் கண்டவன். இவற்றில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தித் தருக. வேறொரு திருத்தத்தையும் எதிர்பார்த்திருக்கிறேன். அப்பக்கம் செல்வோர் எவரேனும் அந்த அறைக்குள் நுழைய நேர்ந்தால், பச்சை விளக்கைப் பொருட்படுத்தாமல் மூடியைத் திறந்து பாருங்கள். படிகச் சாளரத்தில் குங்குமம் இல்லாமல், அதன் வழியே ஒளி வருவதைக் கண்டால், எனக்கு எழுதுங்கள். நான் எழுதியது முழுவதும் பிழை என்று அன்றே அறிவித்துவிடுகிறேன்.